வழிகாட்டி சொன்னதும் பேருந்தில் கேட்டதும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இயேசு வாழ்ந்த புனித நாட்டுக்குக் கிளம்புகிற குழுக்கள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். ஒரு பங்குத்தந்தை அல்லது போதகர், நாற்பது பேர், அதில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். மாந்தோப்பு வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற டீச்சர், ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பணம் கட்டி அனுப்பிவைத்த அப்பா அம்மா. பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், சர்க்கரை மாத்திரை எல்லாம் வந்துவிடும். ஆனால் பத்து நாளும் நம்மோடு வரப்போகிற உள்ளூர் வழிகாட்டி பேசுவது நம் ஆட்களுக்கு எப்படிப் புரியப்போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பயணம் பாழாவதும் மறக்க முடியாததாவதும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்வோம். நம் குழுக்களுக்கு வாய்ப்பவர் பெரும்பாலும் பெத்லகேம், நாசரேத்து அல்லது எருசலேமைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர். தாய்மொழி அரபி, எபிரேயம் தெரியும், நம்மோடு பேசுவது ஆங்கிலம். இஸ்ரேலில் வழிகாட்டி உரிமம் சும்மா கிடைப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷப் படிப்பு, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் முடித்த பிறகுதான் கழுத்தில் அந்த அட்டை தொங்கும். தொல்லியல், மண், செடிகொடி, மூன்று மதங்களின் வரலாறு என்று எல்லாம் படித்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் டாய்லெட் எங்கே, போட்டோ எடுக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற குழுக்கள் ஏராளம்.

ஜோர்டான், இஸ்ரேல்-பாலஸ்தீனம், எகிப்து என்று மூன்றையும் சேர்த்துப் போகிற பயணத்தில் ஒவ்வொரு எல்லையிலும் வழிகாட்டி மாறுவார். பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஊர். இஸ்ரேல் குடிமக்கள் அங்கே நுழையத் தடை என்று சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். அதனால் சில குழுக்களுக்குச் சோதனைச் சாவடிப் பக்கத்திலேயே ஒருவர் இறங்கி, பெத்லகேம்காரர் ஒருவர் ஏறுவார். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், “நம்ம ஆள் எங்க போயிட்டாரு?” என்று பேருந்தில் ஒரே கலவரமாகிவிடும்.

இனி மொழிக்கு வருவோம். வழக்கமாக நடப்பது இது. வழிகாட்டி ஐந்து நிமிஷம் பேசுவார். சாமியார் ஒன்றரை நிமிஷத்தில் அதைத் தமிழில் சொல்வார். மூன்றாம் நாள் அவருக்கும் தொண்டை கட்டிவிடும். “இங்கதான் இயேசு புதுமை செஞ்சாரு, எல்லாரும் பாத்துக்கோங்க” என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். தப்பு அவர் மேல் இல்லை. அவர் பூசை வைக்க வேண்டும், ஆள் எண்ண வேண்டும், முட்டிவலிக்காரரைத் தாங்க வேண்டும். அதோடு ‘பைசாந்தியம்’, ‘சிலுவைப்போர்’, ‘மாமலூக்’ என்று வரிசையாக விழுகிற வார்த்தைகளுக்கு நின்ற இடத்தில் யாரால் தமிழ் சொல்ல முடியும்?

எங்கள் அனுபவத்தில் வேலை செய்வது ஒரே முறைதான். மொழிபெயர்க்க என்று தனியாக ஒருவரை வைத்துவிட வேண்டும். சாமியார் வேண்டாம், டீச்சர் யாராவது இருந்தால் நல்லது. ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடிந்ததும் அவர் வழிகாட்டியோடு இருபது நிமிஷம் உட்கார்ந்து, மறுநாள் போகிற இடங்கள், ஒவ்வொன்றிலும் சொல்லப்போகிற இரண்டு மூன்று விஷயங்கள், வரப்போகிற ஆண்டுகள், பெயர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் பேருந்து ஓடும்போது மைக்கில் தமிழில் சொல்லிவிட வேண்டும். இடத்துக்குப் போனபின் விளக்கமே வேண்டாம். வழிகாட்டி கையைக் காட்டினால் போதும், என்ன என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பேசுவதற்குப் பேருந்து, பார்ப்பதற்கும் ஜெபிப்பதற்கும் இடம் என்று பிரித்துவிட்டால் சண்டையே வராது.

பெயர்ப் பட்டியல் ஒன்று ஊரிலேயே அச்சடித்துக் கொண்டுபோவது நல்லது. வழிகாட்டி வாயிலிருந்து வருகிற பெயரும் நம் விவிலியத்தில் இருக்கிற பெயரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில்லை. அவர் கஃபர் நஹூம் என்றால் அது கப்பர்நாகூம். கஃபர் கன்னா என்றால் கானாவூர். அல்-அசரியா என்று ஒரு ஊரைக் காட்டுவார், அதுதான் பெத்தானியா. லாசருவின் பெயரையே ஊர்க்காரர்கள் ஊருக்கு வைத்துவிட்டார்கள். கின்னரெத் என்பார், நாம் கெனேசரேத்து, கலிலேயாக் கடல், திபேரியாக் கடல் என்று மூன்று பெயரில் படித்த ஒரே ஏரி அது. இதற்கு மேல் நம் வீட்டுச் சிக்கல் வேறு இருக்கிறது. அவர் ‘பீட்டர்’ என்பார், மொழிபெயர்ப்பவர் ‘பேதுரு’ என்பார், பின் சீட்டில் இருக்கிற கோவிலூர்ப் பாட்டி “யாரு, இராயப்பரா?” என்பார். பேதுரு, பவுல், யோவானை இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றே செபம் சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரிலேயே சொன்னால்தான் ஆள் கண்முன் வருவார். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று கலந்து போகிற குழுவில் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

நல்ல வழிகாட்டி என்ன தருவார் என்பதற்கு எரிகோ ரோட்டைச் சொல்ல வேண்டும். நல்ல சமாரியர் கதையில் ஒருவர் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் ‘போகையில்’ கள்ளர் கையில் அகப்பட்டார் என்றுதான் நாம் தமிழில் கேட்டிருக்கிறோம். மூலக் கிரேக்கத்தில் இருப்பது ‘இறங்கிப்போனார்’ என்ற சொல். அந்த ‘இறங்கி’ ஏன் முக்கியம் என்பது பேருந்தில் உட்கார்ந்தால்தான் புரியும். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம். காது அடைக்கும். நடுவழியில் ‘கடல் மட்டம்’ என்று எழுதிய இடத்தில் ஒட்டகத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகும் ரோடு இறங்கிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் மொட்டைக் குன்று, ஆள் ஒளிய ஆயிரம் மடிப்பு. தொப்பூர் கணவாயில் இரவில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மொழிபெயர்ப்பவர் “தொப்பூர் மாதிரி, ஆனா மரமே கிடையாது” என்று ஒரு வரி சொன்னால் போதும், கள்ளர் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று பேருந்தில் இருப்பவர்களே கையைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

எரிகோவில், இயேசுவைப் பார்க்க மரமேறிய சக்கேயுவின் மரம் என்று காட்டுவது காட்டத்தி. நம் அத்தியின் பங்காளிதான், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், கிளைகள் தாழ்ந்து கிடக்கும். குள்ளமான ஆள் ஏறியது ஏன் இந்த மரத்தில் என்பது பார்த்த உடனே தெரியும். அதே மரமா என்று கேட்டால் நேர்மையான வழிகாட்டி சிரித்துவிட்டு “இதே ஜாதி” என்பார்.

இயேசு பிடிபடுவதற்கு முன் செபித்த கெத்சமனியில் நம் மாவட்டத்துக்காரர்களைப் பிடித்து வைக்கவே முடியாது. அந்தப் பெயருக்கே எண்ணெய்ச் செக்கு என்றுதான் பொருள். தோட்டத்தில் எட்டு முதிய ஒலிவ மரங்கள், அடி முழுக்கப் புடைத்து, உள்ளே கூடாகி, மேலே மட்டும் பச்சை. இரண்டாயிரம் வருஷ மரம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிற வழிகாட்டிகளும் உண்டு. விவரம் தெரிந்தவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். 2012-இல் வெளியான ஆய்வில் மூன்று மரங்களின் தண்டுக்கட்டை 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. ஆனால் ஒலிவமரத்தை வெட்டினாலும் எரித்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆகவே வேரின் வயதைத் தண்டை வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பதிலைக் கேட்டதும் மாந்தோப்புக்காரர் அடுத்த கேள்வி போடுவார்: “வருஷா வருஷம் காய்க்குமாங்க, இல்ல நம்ம மாதிரி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமா?” வழிகாட்டி முகம் மலர்ந்துவிடும். ஒலிவமும் மாவைப் போலவே ஒரு வருஷம் அள்ளிக்கொடுக்கும், மறுவருஷம் கையை விரிக்கும். அக்டோபர், நவம்பரில் அறுவடை. பெத்லகேம் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு நாலு மரமாவது சொந்தமாக இருக்கும். கீழே துணி விரிப்பது, கையால் உருவுவது, செக்கில் கொடுத்து எண்ணெயாக வாங்குவது என்று அவரே சொந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். வழிகாட்டியை மனம் திறக்க வைப்பது இப்படியான கேள்விதான். பைபிள் கேள்வியை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார், காய்ப்பு பற்றிக் கேட்டவர் அபூர்வம்.

கலிலேயா ஏரி 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேல் பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மலை. மேலே குளிர்ந்த காற்று சட்டென்று பள்ளத்துக்குள் இறங்கும்போது, ஏரி நிமிஷத்தில் கொந்தளிக்கும். புயலை அடக்கிய கதைக்கு இதுதான் பின்புலம். படகில் ஏறியதும் நம் கொடியை ஏற்றி ஜன கண மன போடுவார்கள். அந்தச் சத்தத்தில் இந்த விளக்கம் எடுபடாது, கரையிலேயே கேட்டுவிடுங்கள். ஒகேனக்கல் பரிசலில் போனவர்களுக்குப் படகு பெரிதாகத்தான் தெரியும். உண்மையான அளவு தெரிய வேண்டுமானால் கினோசரில் வைத்திருக்கிற பழைய படகைப் பாருங்கள். 1986-இல் வறட்சியில் தண்ணீர் வற்றியபோது சேற்றிலிருந்து கிடைத்தது, முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எட்டு மீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் கூட.

மதியம் ‘பேதுரு மீன்’ என்று ஒன்றைத் தலையோடு முழுசாகப் பொரித்து வைப்பார்கள். நம் கே.ஆர்.பி. அணைக் கரையில் பொரிக்கிற ஜிலேபி மீனின் உறவுதான். மிளகாய்த்தூள் இருக்காது. கையோடு கொண்டுபோன பொட்டலம் அங்கேதான் வெளியே வரும்.

பக்கத்திலேயே தப்காவில் அப்பமும் மீனும் பெருகிய இடத்துக் கோவில். பீடத்துக்கு முன்னால் தரையில் 5-ஆம் நூற்றாண்டு மொசைக்: நடுவில் கூடை, இரண்டு பக்கமும் மீன். கூடையில் அப்பத்தை எண்ணச் சொல்வார் வழிகாட்டி. நான்குதான் இருக்கும். ஐந்தாவது எங்கே என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அவசரப்பட்டு மொழிபெயர்ப்பவர் பதிலைச் சொல்லிவிடக் கூடாது. யாராவது ஒருவர் தலையைத் தூக்கிப் பீடத்தைப் பார்ப்பார். ஐந்தாவது அப்பம் பூசையில் பீடத்தின் மேல் இருப்பது என்பதுதான் அங்கே சொல்லும் விளக்கம்.

பெத்லகேமில் திருப்பிறப்பு ஆலயத்தின் வாசல் நாலடி உயரம்தான் இருக்கும். ‘தாழ்மையின் வாசல்’ என்று பெயர். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்துவிடக் கூடாதென்று ஒரு காலத்தில் கல் வைத்துச் சிறிதாக்கினார்கள். சுவரில் பழைய பெரிய வளைவின் தடம் இன்னும் தெரியும், கேட்டால் காட்டுவார்கள். பழகிய வழிகாட்டி இங்கே எல்லாருக்கும் முன்னால் நுழைந்து, உள்பக்கம் நின்றுகொண்டு, மேல்கல்லின் விளிம்பில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார். நிமிர்கிற தலை கல்லில் இடிக்காமல் அவர் கையில் இடிக்கும். நாற்பது பேரும் உள்ளே வரும்வரை கையை எடுக்கமாட்டார். குனியும்போது சேலைக் கொசுவம் காலில் மாட்டுவது இன்னொரு தொல்லை. கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையை நிலைக்கல்லில் வைத்து நுழையச் சொல்லுங்கள்.

உள்ளே, இயேசு பிறந்த இடம் என்று காட்டும் குகைக்கு இறங்க வரிசை. கூட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வழுக்கும் வட்டப்படிகள், கீழே பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். அதில் 1717 என்று பொறித்திருக்கும். ஒருவர் முத்தி செய்து எழ ஐந்து பத்து வினாடிதான் கிடைக்கும், பின்னால் தள்ளுவார்கள். போட்டோ எடுப்பதா, தொடுவதா என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆசைப்பட்டவர்கள் கலங்கிய படத்தோடு மேலே வருவார்கள்.

அடுத்து ஒலிவமரக் கைவினைக் கடை. வழிகாட்டிக்கு அங்கே கமிஷன் உண்டு, அதை ஒளித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தலைமுறையாகச் செதுக்கி வாழ்கிறவர்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு போரால் பயணிகள் நின்றுபோனதில் கடைகளும் வழிகாட்டிகளும் பட்ட பாடு பெரிது. வாங்குங்கள், அரை மணி நேரம் என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன் வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையைப் பார்ப்பதும், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குவதும் இப்போது கட்டாயம்.

எருசலேமில் சிலுவைப்பாதையை விடியற்காலையில் நடந்துவிட வேண்டும். பதினான்கு நிலைகளில் கடைசி ஐந்தும் திருக்கல்லறைக் கோவிலுக்குள் இருக்கின்றன. மற்றவை கடைத்தெருச் சந்துகளில். எட்டு மணிக்கு மேல் கடை திறந்துவிட்டால் தள்ளுவண்டி, பள்ளிப் பிள்ளைகள், துணிக்கடைச் சத்தம். மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவிலேயே குழு இரண்டாக அறுந்துவிடும். தெருக்கல் பாலிஷ் போட்டதுபோல் தேய்ந்து கிடக்கும். ரப்பர் செருப்பு கண்டிப்பாக வழுக்கும்.

திருக்கல்லறைக் கோவிலுக்குள் வழிகாட்டி சத்தமாகப் பேசமுடியாது. முற்றத்திலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் ஒரு ஏணியிலிருந்து ஆரம்பிப்பார். வாசலுக்கு மேலே சன்னல் விளிம்பில் ஒரு சின்ன மர ஏணி சாய்ந்து நிற்கும். 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பிரான்சிஸ்கன் துறவிகள் வழியாகக் கத்தோலிக்கர், ஆர்மீனியர் ஆகிய மூன்று பெரிய பங்காளிகளும், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்று சின்னப் பங்காளிகளும் சேர்ந்து ஆளும் கோவில் இது. ஒரு பொருளை நகர்த்த வேண்டுமானால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1852-இல் துருக்கி சுல்தான் ‘இருந்தது இருந்தபடி’ என்று ஆணை போட்டார், அதுதான் இன்றும் சட்டம். கதவுச் சாவி இருப்பது ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம், கதவைத் திறந்து மூடுவது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். பங்காளித் தகராறில் பொதுச் சொத்தின் சாவியை ஊரில் நம்பிக்கையான மூன்றாம் ஆளிடம் கொடுத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? இதை மட்டும் யாருக்கும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான படி, மேலே இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி. முட்டிவலிக்காரர்கள் கீழேயே தைலம் பூசிய கல்லருகே இருக்கட்டும். கல்லறைக்குள் நான்கைந்து பேராகத்தான் விடுவார்கள், அரை நிமிஷத்தில் துறவி தட்டி வெளியே அனுப்பிவிடுவார். முகம் சுளிக்க வேண்டாம், பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள்.

ஒலிவமலையில் ‘பரலோக மந்திரம்’ கோவிலில் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ செபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் பதித்திருப்பதில் தமிழும் இருக்கிறது. வழிகாட்டி அந்த இடத்துக்கு நேராகக் கூட்டிப்போவார். பயணம் முழுக்க மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரே சுவர் அது. பாட்டி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போது மணி பார்க்காதீர்கள்.

கெட்டுப்போகிற சில்லறை விஷயங்கள் என்று பார்த்தால், காதில் மாட்டும் ஒலிக்கருவியில் சேனல் எண் மாறிவிட்டால் பக்கத்துக் கொரியக் குழுவின் விளக்கம் கேட்கும். தினமும் காலையில் எண்ணைச் சரிபாருங்கள், இரவில் சார்ஜில் போடுங்கள். பூசைக்கான நேரம் பிரான்சிஸ்கன் அலுவலகத்தில் முன்பதிவு செய்தது, அரை மணிதான், பத்து நிமிஷம் தாமதித்தால் இருபது நிமிஷப் பூசை. வாசகங்களைத் தமிழில் கையோடு கொண்டுபோங்கள். சாக்கடலில் தண்ணீர் கடல்நீரைவிடப் பத்து மடங்கு உப்பு. அன்று காலை சவரம் செய்தவர் அலறுவார். குப்புறப் படுக்கக் கூடாது, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வழி தவறினால் தேடி அலையக் கூடாது, வழிகாட்டியைக் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும், அவர் திரும்பி வருவார்.

பணத்தைப் பொறுத்தவரை, தமிழக அரசின் உதவி ஆளுக்கு 37,000 ரூபாய், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ரூபாய். அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் திரட்டினால் கிளம்ப முடியாது. பயணம் முடித்து வந்து விண்ணப்பித்த பிறகுதான் கணக்கில் வரும். வழிகாட்டிக்கும் டிரைவருக்குமான அன்பளிப்பைக் கடைசி நாள் பேருந்தில் தொப்பி ஏந்தி வசூலிக்காதீர்கள். சில்லறை தேடி எல்லாரும் பையைக் கவிழ்ப்பார்கள். முதல் நாளே இரண்டு உறையில் போட்டு வைத்துவிடுங்கள். மொழிபெயர்த்தவருக்கும் ஏதாவது செய்யலாம், அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

வழிகாட்டி ‘யல்லா’ என்றால் கிளம்பு என்று அர்த்தம். இரண்டாம் நாளே நம் ஆட்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவரும் ‘வாங்க’, ‘சீக்கிரம்’, ‘போலாம்மா’ என்பதைப் பிடித்துக்கொள்வார். ஜோர்டானுக்குள் கடக்கிற யோர்தான் ஆற்றுப் பாலத்துக்குப் போகும் கடைசிக் காலையில் அந்தப் பக்கம் அவர் வரமுடியாது. பேருந்தின் நடுவழியில் கடைசிவரை நடந்து ஒவ்வொரு சீட்டாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போவார், திரும்பி வரும்போது மறுபடி எண்ணுவார். 42. டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார்.